கூடத்தோடு நின்றுவிடும் கம்பி

சித்தூரிலும் திருப்பதியிலும் புது வீடு கட்டுவோர், பூச்சு வேலைக்கு முன்பே சுவரில் குழாய் பதித்துவிடுகின்றனர். விளக்குக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, வாசல் கேமராவுக்கும் ஒன்று. இணையத்திற்கு மட்டும் இல்லை. கேட்டால், "அதற்குத்தான் வைஃபை இருக்கிறதே!" என்பார்கள்.

2017 டிசம்பரில் ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டம் தொடங்கப்பட்டபோது, மின்கம்பங்களின் மேலேயே கண்ணாடியிழையைக் கட்டிக்கொண்டு வந்து, மாதம் 149 ரூபாய்க்கு 15 எம்பிபிஎஸ் வேகம் தருவதாக அறிவித்தனர். பின்னர் தனியார் இணைப்புகளும் பெருகின. ஊர் ஊராகக் கடந்து வந்த கம்பி கூடத்து ரவுட்டரோடு நின்றுவிடுகிறது. மாடிக்கு ஏறவேண்டிய கடைசிப் பத்து மீட்டரை நாம் காற்றிடம் ஒப்படைத்துவிட்டோம்.

நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறையில் ஆய்வுக்குழுக் கூட்டத்தின் நடுவே குரல் அறுந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். மெஷ் வைஃபை கருவிகள் இரண்டு வாங்கி, கீழே ஒன்றும் மேலே ஒன்றும் வைத்தார். கைப்பேசியில் அலைக்கோடுகள் நிறைந்தன. குரல் மட்டும் மீண்டும் அறுந்தது. அக்கோடுகள் கைப்பேசிக்கும் மாடிக் கருவிக்கும் இடையிலான உறவை மட்டுமே காட்டுகின்றன. மாடிக் கருவிக்கும் கீழ்க் கருவிக்கும் நடுவே கான்கிரீட் தளம் கிடக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பெரிதும் நலிந்துவிடும். போதாக்குறைக்கு, இரட்டை அலைவரிசைக் கருவி ஒரே வானொலியால் கைப்பேசியோடும் கீழ்க் கருவியோடும் மாறி மாறிப் பேசவேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. கூடுதல் அலைவரிசை கொண்ட விலையுயர்ந்த கருவியும் அதே தளத்தைத்தான் துளைத்தாக வேண்டும்.

பழைய டிஷ் கம்பி நுழைந்த துளை ஒன்று இருந்தது. அதன் வழியே ஒரு கேட் 6 கம்பியை இழுத்து இரு கருவிகளையும் இணைத்தோம். சிக்கல் அன்றோடு தீர்ந்தது. இத்தகைய ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் தொலைவு வரை நொடிக்கு ஒரு கிகாபிட் கடத்தும். கருவியின் அலைவரிசை முழுவதும் கைப்பேசிகளுக்கே மிஞ்சும்.

தெலுங்கில் கொடிக்கும் கம்பிக்கும் 'தீக' என்ற ஒரே சொல்தான். நம்மிடமும் துணிக்கொடி உண்டு. படர்வதற்கு ஒரு வழி வேண்டும் என்பதைச் சொல்லே உணர்த்துகிறது. 'கம்பியில்லா' என்ற அடைமொழியோ எங்குமே கம்பி வேண்டாம் என்று நம்மை மயக்கிவிட்டது.

வேகம் போதவில்லையென்று மாதாமாதம் உயர்ந்த திட்டத்திற்குப் பணம் கட்டுவோரைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. தேர்வெழுதும் பிள்ளைகள் பலர் இருப்பதும் மாடி அறைகளில்தான். பூச்சு முடியாத வீடு உங்களுடையதாயின், மின்கம்பிக் குழாயிலிருந்து விலக்கி, தளத்திற்கொரு வெற்றுக் குழாயேனும் இடச்சொல்லுங்கள். கம்பி வாங்கும்போது செப்புப் பூசிய அலுமினியத்தைத் தவிர்த்து முழுச் செம்பாகக் கேளுங்கள். மெஷ் கருவியின் துளை 100 எம்பிபிஎஸ் அளவோடு நின்றுவிடுகிறதா என்பதையும் பெட்டியின் மேலேயே பார்த்துக்கொள்ளலாம்.