டெல்டா வெயிலுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

"என்விடியா வாங்கலாமா, ஏஎம்டி வாங்கலாமா? எது நன்றாக ஓவர்கிளாக் ஆகும்?" கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் இளைஞர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். தஞ்சாவூரில் இருந்து கேட்பவர்களுக்கு என் பதில், ஓவர்கிளாக்கை மறந்துவிடுங்கள் என்பதுதான்.

1998ல் வந்த செலரான் 300ஏ பிராசஸரை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். கொடுத்த காசுக்கு ஒன்றரை மடங்கு வேகம்! இன்று அந்தக் கதை இல்லை. 2012ல் என்விடியா ஜிடிஎக்ஸ் 680 கார்டுடன் ஜிபியு பூஸ்ட் வந்தது. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை கார்டு தானே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. நாம் கையால் கூட்டினால், 100 பிரேம் வரும் இடத்தில் 105 வரலாம்.

"சூடு இடம் கொடுக்கும் வரை" என்பதில்தான் நம் ஊர்ச் சிக்கல் இருக்கிறது. 24 டிகிரி ஏசி அறையில் சோதித்து, கார்டு 70 டிகிரியில் ஓடியது என்று எழுதுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் நம் அறையே 38 டிகிரி. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினால் கார்டு 84ஐத் தொடும். உடனே அது தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். கூட்டியது எங்கே போயிற்று?

ஆகவே முதலில் வாட்ஸைப் பாருங்கள். 2023ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட்ஸ். அதே ஆண்டு வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 7600க்கு 165 வாட்ஸ். வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் 4 மணி நேரம் விளையாடினால், அந்த 50 வாட்ஸ் இரண்டு மாத பில்லில் 12 யூனிட். (500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே மாறும் என்பது வீட்டில் பில் கட்டுகிறவருக்குத் தெரியும்.) ஏஎம்டிதான் வேண்டும் என்றால் அதிலும் வழி உண்டு. அட்ரினலின் சாப்ட்வேரிலேயே வோல்டேஜைச் சிறிது குறைக்கலாம். இதற்கு அண்டர்வோல்ட் என்று பெயர். வேகம் பெரும்பாலும் குறையாது, சூடு குறையும். என்விடியாவுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் இதைச் செய்யலாம். நம் ஊருக்கு ஏற்ற "கிளாக்கிங்" இதுதான்.

சிப் ஒருவருடையது, கார்டு செய்வது இன்னொருவர். சபையர் ஏஎம்டிக்கு மட்டும், சோட்டாக் என்விடியாவுக்கு மட்டும், ஆசுஸும் கிகாபைட்டும் இரண்டுக்கும் செய்கிறார்கள். பெயர் பெற்ற இவிஜிஏ 2022ல் இந்தத் தொழிலையே விட்டது. பிராண்டு மீது பக்தி வைத்தவர்கள் என்ன செய்வார்கள்? ரிச்சி தெருவில் 500 ரூபாய் குறைகிறது என்று வாங்கி வருமுன், கார்டு பழுதானால் திருச்சியில் கொடுக்க முடியுமா, சென்னைக்குப் பார்சல் அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். வாரண்டி அட்டையில் ஓவர்கிளாக் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள்.

மிச்சமாகும் பணத்தை நல்ல பவர் சப்ளையில் போடுங்கள். பம்ப்செட் ஓடும் நேரத்து லோ வோல்டேஜ் கிராமத்து வாசகர்களுக்குப் புதிதல்ல. தை, மாசி அறுவடை முடிந்ததும் கேபினெட்டைத் திறந்து பாருங்கள், ஃபேனில் பதர்த் தூசி அப்பியிருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே சில டிகிரி இறங்கும்.