மூன்று காசு ஹெரால்டு

பி.காம். படித்தவனிடம் ஒரு காரைக் காட்டினால் அவன் முதலில் பார்ப்பது கலரை அல்ல, தேய்மானத்தை. வருமான வரிக் கணக்கில் காருக்கு வருடம் 15 சதவீதம் கழிப்பார்கள். மிச்சத்தில் 15, அந்த மிச்சத்தில் 15 என்று கழித்துக்கொண்டே போனால் 100 ரூபாய் கார், பத்து வருடத்தில் சுமார் 20 ரூபாய். ஐம்பது வருடத்தில்? கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று காசு!

அப்படி ஒரு மூன்று காசு கார் குரோம்பேட்டையில் எங்கள் மாமா வீட்டு ஷெட்டில் நிற்கிறது. அதற்கு அவர் செய்துவரும் செலவை எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை உத்தியோகம் எனக்கு. சம்பளம், ஞாயிற்றுக்கிழமைகளில் இட்லி, வடகறி.

கார், 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மார்க் 3. உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். அறுபதுகளில் கையில் பணத்தோடு கார் வாங்கப் போனவருக்கு மூன்றே மூன்று பெயர்தான்: அம்பாஸடர், ஃபியட், ஹெரால்டு. அம்பாஸடர் கல்கத்தா பக்கம், ஃபியட் பம்பாய். ஹெரால்டு மட்டும் நம்ம வண்டலூர்! இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி. உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961-லிருந்து 1971 வரை இங்கே செய்தார்கள். அங்கே இரண்டு கதவுதான். மாமியார், மூன்று குழந்தைகள், எவர்சில்வர் தூக்கு சகிதம் ஏறுகிற நமக்காக நாலு கதவு வைத்தது நம்மூரில்தான்.

மாமா அந்தத் தொழிற்சாலையில் 1970-ல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். எண்பதுகளில் செகண்ட் ஹேண்டில் இந்த வண்டியை வாங்கினார். இருபது வருடம் ஓட்டினார். பிறகு ஷெட்டில் விட்டார். அதன் மேல் அத்தை வத்தல் காயப் போட்டார். பூனை நாலு தடவை குட்டி போட்டது. போன வருடம் மாமா திடீரென்று தார்ப்பாயை உருவிவிட்டு, "இதைப் பழையபடி ஓட வைக்கப்போறேன்" என்றார். வயது 73. அத்தை வத்தலை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டார்.

* * *

வீட்டிலேயே கார் பிரிப்பதற்கு ஹெரால்டு மாதிரி ஒரு வண்டி கிடையாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதுக் காருக்கு மொத்த பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. சரி, கீழே ஒரு தனி சேஸிஸ், மேலே பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்த பாடி, எல்லாவற்றையும் போல்ட் போட்டு மாட்டு என்று முடிவு செய்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த இக்கட்டு, இன்றைக்கு ஷெட்டில் ஸ்பேனரோடு நிற்பவனுக்கு வரம். முன்பக்கம் மட்கார்டு, ஹெட்லைட், பானெட் எல்லாம் சேர்ந்து மூஞ்சி மொத்தமும் முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம்.

எல்லாம் போல்ட்தானே, கழற்றிவிடலாம் என்று ஆரம்பித்தோம். மெக்கானிக் பாய் (இவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஹெரால்டு கை பழகிய கடைசித் தலைமுறை) ஒரு போல்ட்டுக்கு டீசல் ஊற்றி, இரண்டு நாள் ஊற விட்டு, ஸ்பேனருக்குப் பைப் சொருகி, காலை வைத்து எக்கியும் அது அசையவில்லை.

"எந்த மகராசன் இதை இவ்ளோ டைட்டா முறுக்கினான்?" என்றார் பாய்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்கதான்" என்றார்.

அடுத்தது துரு. பழைய கார் வாங்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு டிப்ஸ். கையில் சின்னக் காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பளபளவென்று இருக்கிறதே என்று மயங்காமல் கதவுக்குக் கீழ், மட்கார்டு ஓரம் எல்லாம் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் தகரம். வழுக்கி விழுந்தால் அது பட்டி. துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அத்தையின் ஃபிரிட்ஜில் இருந்த வாழைப்பழக் காந்தத்தை எடுத்துவந்து ஒட்டினோம். இடது பக்கக் கதவில் மூன்று முறை வழுக்கி விழுந்தது. பல வருடம் முன்னால் ஒரு பட்டறையில் செய்த கைங்கர்யம். சுரண்டினால், கதவுக்குள் பாதிக்கு மேல் பட்டிதான் இருந்தது.

கழற்றிய ஒவ்வொன்றும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போய், லேபிள் ஒட்டி அலமாரி ஏறியது. "வலது முன் கதவு, கீழ்க் கீல், போல்ட் 3" என்று மாமாவின் குண்டு எழுத்து. கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ. இந்த டிபார்ட்மென்ட் மாமா பையன் கையில். கடைக்குட்டி. ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர்.

பிரச்னையும் அவனிடமிருந்துதான் வந்தது.

* * *

"அத்தான், அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க. பழைய எஸ்டீம் எஞ்சின் சல்லிசா கிடைக்குது. அதைப் போட்டு, வண்டியைக் கொஞ்சம் கீழ இறக்கி, அலாய் வீல், ஏ.சி. எல்லாம் வச்சா ஓ.எம்.ஆர். பூரா திரும்பிப் பார்க்கும்."

மாமா காதில் விழுந்துவிட்டது. "அது அப்புறம் ஹெரால்டு இல்ல. ஹெரால்டு வேஷம் போட்ட மாருதி."

"நான் ஓட்டற மாதிரி இருந்தாத்தாம்பா நான் வச்சுக்குவேன். இல்லேன்னா உங்களுக்கப்புறம் இது புதுப்பேட்டைக்குத்தான் போகும்."

சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாகிவிட்டது. மாமா ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த பனியன் வேஸ்டால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் சொன்னது உண்மை என்பதுதான் அதிலிருந்த கஷ்டம். ஆசையாகச் சரிசெய்த பழைய வண்டிகள் பலவற்றுக்கு முடிவு துருவால் வருவதில்லை. அடுத்த தலைமுறைக்கு அதன் மேல் ஒட்டுதல் இல்லாததால் வருகிறது.

வாயைத் திறந்தவர் பாய். "தம்பி, இந்த வண்டி எஞ்சின் 948 சி.சி. குதிரை சக்தி ஏதோ 35. நீங்க சொல்ற எஞ்சின் எண்பதுக்கு மேல. குதிரை ஜாஸ்தி ஆனா லகான் யார் போடறது? நாலு வீலும் டிரம் பிரேக்."

அதோடு இன்னொரு விஷயமும் சொன்னார். ஹெரால்டில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். மேடு பள்ளத்தில் சொகுசு. ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் எம்பி, சக்கரம் அடிப்பக்கமாக மடங்கப் பார்க்கும். வண்டி சுற்றிக்கொள்ளும். 35 குதிரைக்கு அது அடங்கி நடக்கும். எண்பதுக்கு உத்தரவாதம் கிடையாது.

என் பங்குக்கு நான் சட்டம் பேசினேன். (பி.காமில் மெர்க்கன்டைல் லா உண்டு.) கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ரக எஞ்சின் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி மாற்றலாம். வேறு வண்டி எஞ்சினைத் திணித்துவிட்டு ஆர்.சி. புக்கோடு போய் நின்றால் சிக்கல். 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருந்தால் 'வின்டேஜ்' பதிவு. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். எஞ்சினை மாற்றினால் அந்த அந்தஸ்து போச்சு.

"அந்தப் பதிவு வாங்கினா தினம் ஓட்டலாமா?" என்றார் மாமா.

"கூடாது மாமா. கண்காட்சி, பேரணி, சர்வீஸ், பெட்ரோல் போடறதுக்கு. அவ்வளவுதான்."

"அப்ப வேண்டாம். உங்க அத்தையை மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். பழைய ஆர்.சி.யையே புதுப்பிச்சுக்கலாம்."

* * *

கடைசியில் பஞ்சாயத்து ஒரு தீர்ப்புக்கு வந்தது. தீர்ப்பு வண்டியிலேயே இருந்தது. போல்ட் போட்டு மாட்டுவது எதுவானாலும் சரி. வெட்டி, வெல்டிங் வைப்பது எதுவானாலும் வேண்டாம். அதாவது, நாளைக்கு மனசு மாறினால் கழற்றிவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து பழையதை மாட்ட முடிய வேண்டும்.

இந்த ஒரே விதிக்குள் பையனுக்கு நிறையவே கிடைத்தது. பாயின்ட், கண்டென்சருக்குப் பதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் எலெக்ட்ரானிக் இக்னிஷன். மூடியைப் போட்டால் வெளியே தெரியாது. பழைய கிராஸ் பிளை டயர் போய் 13 அங்குல ரேடியல். முன் சீட்டுக்கு பெல்ட். பழைய ரேடியோ முகப்புக்குப் பின்னால் ப்ளூடூத். அதிலிருந்து வருவது என்னவோ மாமாவுக்குப் பிடித்த பி.பி.ஸ்ரீனிவாஸ்தான்.

சில மாற்றங்கள் ஆசைக்கு அல்ல, கட்டாயத்துக்கு. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு உட்காரும் இடத்துக்கு அது ஒரு மெத்தை. இந்தியாவில் 2000-க்குள் ஈயம் போய்விட்டது. அதனால் சிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்து, கடினமான வால்வு சீட் அடித்து வாங்கினோம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களை அது மெல்ல அரித்துவிடும். பெட்ரோல் போகும் பாதையில் ரப்பர் என்று இருந்த எல்லாம் புதுசு.

இன்னொன்று. முன் சக்கரத்தைத் தாங்குகிற கீழ் மூட்டுக்கு ட்ரனியன் என்று பெயர். மரையில் சுற்றித் திரும்பும் சமாசாரம். நிப்பிளைப் பார்த்ததும் எல்லோரும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். எங்கள் வண்டியிலும் பட்டறைக்காரர்கள் வருடக்கணக்கில் அதைத்தான் செய்திருந்தார்கள். உள்ளே கிரீஸ் கல்லாக இறுகிக் கிடந்தது. அங்கே போட வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். எண்ணெய் இல்லாமல் துருப்பிடித்து இறுகினால் ஒருநாள் அந்தத் தூண் முறியும். சக்கரம் வெளியே மடங்கிப் படுத்துக்கொள்ளும். ஓடும்போது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

"கம்பெனியில முதல் வாரமே சொல்லிக் குடுத்தது இது" என்றார் மாமா. பையன் ஒன்றும் சொல்லாமல் செல்போனை எடுத்து எதையோ தட்டினான். எட்டிப் பார்த்தேன். வருடா வருடம் ஜனவரி முதல் ஞாயிறு, 'ட்ரனியன் ஆயில், இரண்டு பக்கமும்' என்று ரிமைண்டர். முடிவுத் தேதி கேட்ட இடத்தில், 'எப்போதும்' என்று போட்டிருந்தான். மாமாவும் எட்டிப் பார்த்தார். புதுப்பேட்டைப் பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

எஞ்சின் போன மாதம் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஷெட் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்துவிட்டு (மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் புகை ஆளை அடித்துவிடும், ஜாக்கிரதை) மாமா சாவியைத் திருகினார். இரண்டு இருமல், ஒரு தும்மல், அப்புறம் சீரான சத்தம். அத்தை உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். "எங்க போறோம்?" என்றார். "எங்கயும் இல்ல. பிரேக் வேலை பாக்கி" என்றார் மாமா. இதில் பிரேக்குக்கு ஒரே லைன்; எங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் நாலு சக்கரமும் அம்பேல். பைப், வாஷர், சிலிண்டர் எல்லாம் மாற்றி முடிக்காமல் கேட்டைத் தாண்டாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தை அதனால் என்ன என்பதுபோல் கண்ணாடியை இறக்கிவிட்டு, பத்து நிமிடம் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

உங்கள் தாத்தா வீட்டிலும் தார்ப்பாய்க்கு அடியில் ஏதாவது படுத்திருக்கலாம். ஹெரால்டோ, ஃபியட்டோ, அம்பாஸடரோ. தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். ஓட வைக்கும் முன் நிற்க வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எதையும் வெட்டாதீர்கள். அந்த வண்டி தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், அவர் இருக்கும்போதே பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.

செலவுக் கணக்கு வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து கூட்டிப் பார்க்காதீர்கள்.