அனுமதிப்பத்திரம் யாரைக் காப்பதற்கு?

கூலிக்குப் பிறர் பொருளை ஏற்றிச் செல்ல முன்வரும் லொறிக்காரரிடம் அரசாங்கம் எதைக் கேட்க வேண்டும்? “வீதியிற் பத்திரமாக ஓட்டுவாயா? உன்னால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதற்கு ஈடு செய்ய உனக்கு வல்லமை உண்டா?” இவ்விரு கேள்விகளையும் கேட்பது அரசின் கடமை என்பதை எவரும் மறுக்கார். ஆனால், “நீ இத்தொழிலுக்கு வருவதால் ஏற்கெனவே தொழில் நடத்துபவருக்கு நட்டம் வருமா?” என்று கேட்பதும் அரசின் வேலையாகுமா? அமெரிக்க ஐக்கிய நாடு இம்மூன்றாவது கேள்வியை நெடுங்காலம் உரத்த குரலிற் கேட்டது. ஈடு செய்யும் வல்லமை பற்றிய கேள்வியையோ இன்றும் மெல்லிய குரலிலேயே கேட்கின்றது. அனுமதிப்பத்திரம் வழங்கும் எந்நாட்டவருக்கும் இதிற் பாடம் உண்டு என்பதனாலேயே இவ்விடயத்தை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

1935ஆம் ஆண்டின் மோட்டார்ச் சுமைச் சட்டம், மாநில எல்லை கடந்து ஓடும் கூலி லொறிகளை மாநிலங்களுக்கிடையிலான வர்த்தக ஆணைக்குழுவின் அதிகாரத்தின்கீழ்க் கொண்டுவந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவர்கள் உரிமையைத் தொடர்ந்து பெற்றனர். புதிதாக வருபவரோ, தமது சேவை பொதுமக்களுக்குத் தேவை என்று நிரூபித்தாக வேண்டும். எந்தப் பாதையில் ஓடலாம், எந்தப் பொருளை ஏற்றலாம் என்பனவெல்லாம் பத்திரத்தில் வரையறுக்கப்பட்டன. போட்டிக் கம்பனிகளும் புகையிரதக் கம்பனிகளும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். விளைவு யாது? அரசாங்கம் கொடுத்த கடதாசி விற்பனைப் பண்டமாயிற்று! லொறியை விட அதனை ஓட்டும் உரிமைக்கு விலை கொடுத்து வாங்கும் நிலை தோன்றிற்று. கம்பனிகள் அவ்வுரிமையைத் தமது கணக்கேடுகளிற் சொத்தாக எழுதி வைத்தன.

அச்சட்டத்தில் ஒரு வாயில் திறந்திருந்தது. அது கமக்காரருக்காகத் திறக்கப்பட்டது. பதனிடப்படாத விளைபொருளையும் கால்நடையையும் ஏற்றும் லொறிகளுக்குப் பாதைக் கட்டுப்பாடும் கட்டணக் கட்டுப்பாடும் இல்லை. பாதுகாப்பு விதிகள் மட்டுமே உண்டு. உயிர்க் கோழியை ஏற்றுபவருக்குப் பத்திரம் வேண்டியதில்லை. அதே கோழியை அறுத்துச் சுத்தஞ் செய்து குளிரூட்டினால் வேண்டும் என்று ஆணைக்குழு வாதாடியது. குளிரூட்டிய கோழியும் விளைபொருளே என்று 1956இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய தீர்ப்புக்களால் கட்டுப்பாடு அகன்றபின் கோழி ஏற்றும் கூலி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ந்ததாக அமெரிக்க விவசாயத் திணைக்களமே ஆராய்ந்து கண்டது. அந்த மூன்றிலொரு பங்கு அதுவரை எவர் பையிலிருந்து போயிற்று என்பதை உழுது பயிரிடும் நமது வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1980ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி சனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் இக்கதவைப் பெருமளவு திறந்துவிட்டது. 1995 முதல், மாநிலங்களும் தம் எல்லைக்குள் ஓடும் லொறிகளின் கட்டணத்தையும் பாதையையும் கட்டுப்படுத்தலாகாது என்று காங்கிரஸ் விதித்தது. ஆயினும் பாதுகாப்பும் காப்புறுதியும் பற்றிய அதிகாரம் மாநிலங்களிடமே விடப்பட்டது. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் தொழிலும் விதிவிலக்காகி, மாநில அதிகாரத்திலேயே நின்றது.

அந்த விதிவிலக்கிற் பழைய நோய் மேலும் பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது. ஒருவர் ஒரு லொறியுடன் வீடுமாற்றும் தொழில் தொடங்க விண்ணப்பித்தால், அவ்வூரில் அத்தொழில் நடத்துபவர்களே ஆட்சேபிக்கலாம். அதன்பின் புதியவர் தமது தேவையை விசாரணையில் நிறுவ வேண்டும். பரீட்சை எழுத வருபவனின் தகுதியை அவனோடு போட்டியிடுபவன் தீர்மானிப்பது போன்றதன்றோ இது? ஒறிகன் மாநிலம் 2009இலும் மிசூரி மாநிலம் 2012இலும் இவ்வகை விதிகளை நீக்கின. கெண்டக்கி மாநிலத்தின் விதி அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்துக்கு முரணானதென 2014இல் சமஷ்டி நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இனிக் காப்புறுதியைப் பார்ப்போம். கதவைத் திறந்த அதே 1980ஆம் ஆண்டுச் சட்டம், கூலிக்குச் சாதாரணச் சரக்கேற்றும் பாரமான லொறி ஒவ்வொன்றும் விபத்தொன்றுக்கு 750,000 டொலர் ஈடு செய்யும் காப்புறுதி கொண்டிருக்க வேண்டும் என வகுத்தது. மிக அபாயகரமான பொருள்களுக்கு 50 இலட்சம் டொலர். இது நல்ல ஏற்பாடு. வாயிலைத் திறப்பவர் காவலையும் வைத்தனர். ஆனால் 1985இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அத்தொகை இன்றுவரை ஒரு டொலரேனும் உயரவில்லை! அதன்பின் அந்நாட்டில் விலைவாசி ஏறத்தாழ மும்மடங்காயிற்று. ஒரு விபத்திற் பலர் அடிபட்டாலும், அனைவரின் மருத்துவச் செலவும் இழப்பீடும், சேதமான உடைமையும் அத்தொகைக்குள் அடங்க வேண்டும். தொகையை உயர்த்துவது பற்றி 2014இல் தொடங்கிய ஆலோசனையை மத்திய அதிகாரிகள் 2017இற் கைவிட்டனர். 2021இல் 20 இலட்சமாக உயர்த்தும் ஏற்பாட்டைப் பிரதிநிதிகள் சபை ஏற்றும், அது சட்டமாகவில்லை.

சரக்கின் நிலை இதனினும் பரிதாபம். 2011 மார்ச் முதல், சாதாரணச் சரக்கேற்றுவோர் ஏற்றிய பொருளுக்குக் காப்புறுதி வைத்திருக்க வேண்டுமென்ற மத்திய விதியே எடுபட்டது. வீட்டுச் சாமான் ஏற்றுவோருக்கு மட்டும் அது எஞ்சியது. அதுவும் வாகனம் ஒன்றுக்கு 5,000 டொலரே. ஒரு குடும்பத்தின் வாழ்நாட் தேட்டம் முழுவதும் ஒரு லொறியில் ஏறும்போது இது எம்மாத்திரம்? மாநில எல்லை கடந்து வீடு மாறுவோரின் பொருளுக்கு முழுப் பெறுமதிப் பொறுப்பே இயல்பான விதி. ஆயினும் மேலதிகக் கட்டணமில்லை என்ற சொல்லுக்கு மயங்கி மற்றைய முறைக்குக் கையொப்பமிட்டால், இழந்த பொருளுக்கு இறாத்தலுக்கு 60 சதமே கிடைக்கும். 50 இறாத்தற் தொலைக்காட்சிப் பெட்டி உடைந்தால் 30 டொலர்!

காப்புறுதித் தொகையை உயர்த்தினால் ஒரு லொறி, இரண்டு லொறி வைத்துப் பிழைப்பவர் கட்டுப்பணம் செலுத்த மாட்டாது அழிந்துபோவார் என்று அத்தொழிலார் சிலர் வாதிக்கின்றனர். இவ்வாதத்தை நாம் அலட்சியஞ் செய்யவில்லை. சிறியவனை வெளியே நிறுத்தும் புதிய சுவராகக் காப்புறுதி மாறிவிடலாகாது. ஆனால், கட்டுப்பணத்தை லொறிக்காரர் கூலியிற் சேர்த்துப் பலரிடமிருந்து சிறிது சிறிதாகப் பெறலாம். வீதியில் அடிபட்டுக் காலிழந்தவர் எவரிடம் பெறுவார்? அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டு, அதனைச் சிறுதொழிற் பாதுகாப்பு என்று பெயரிடுவது நீதியன்று. தொகையை ஆண்டுதோறும் விலைவாசியோடு படிப்படியாக உயர்த்தியிருந்தால் இன்று ஒரேயடியாக ஏற்ற வேண்டிய நெருக்கடியும் தோன்றியிராது.

ஆகவே நமது கருத்து இதுவே: தேர்ச்சியும், பழுதற்ற வாகனமும், போதிய காப்புறுதியும் உடைய எவருக்கும் அனுமதி மறுக்கப்படலாகாது. இவற்றில் ஒன்றில்லாதவர் எத்துணைப் பழைய கம்பனியாயினும் வீதியில் இறங்க விடப்படலாகாது. போட்டியாளரின் ஆட்சேபத்துக்கு விண்ணப்ப விசாரணையில் இடமே இருத்தலாகாது.

நம் நாட்டிலும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. அது வீதியிற் போவோரைக் காப்பது. லொறியில் ஏற்றிய வெங்காய மூடைக்கோ வீட்டுத் தளபாடத்துக்கோ ஈடு தருவதன்று. ஏற்றிய பின் வருந்துவதிலும், ஏற்றுமுன் லொறிக்காரரிடம் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டும்படி கேட்பதே நன்று. கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை, பொருள் நம்முடையது.