பாட்டின் கைரேகை

எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பாடல் கேட்கிறது. பெயர் நினைவில்லை. வீட்டுப் பிள்ளை கைப்பேசியை நீட்டிப் பிடிக்கிறான். சில விநாடிகளில் பாடலின் பெயரும் பாடியவர் பெயரும் வந்துவிடுகின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது?

‘ஷசாம்’ என்னும் நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இச்சேவையைத் தொடங்கியது. அந்நாளில் 2580 என்னும் எண்ணை அழைத்துத் தொலைபேசியைப் பாட்டின் பக்கம் காட்ட வேண்டும். (பொத்தான்களின் நடுவரிசையை மேலிருந்து கீழாக அழுத்தினால் போதும், இருட்டிலும் தவறாது!) 30 விநாடியில் இணைப்புத் தானே அறுந்து, பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும்.

கருவி பாட்டின் சொற்களை அறிவதில்லை. நேரம் ஒருபுறமும் அதிர்வெண் மறுபுறமுமாக ஒலியைப் படமாக்கி, அதில் ஓங்கி நிற்கும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. எஞ்சுவது விண்மீன்கள் சிதறிய இரவு வானம் போன்றதொரு படம். சந்தை இரைச்சலிலும் அப்புள்ளிகளுள் பல தப்பிவிடுகின்றன. பின்னர் அவற்றை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வொன்றின் அதிர்வெண் என்ன, இடையே எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்கிறது. இக்குறிப்புகளே பாட்டின் கைரேகை. தற்செயலாக ஒன்றிரண்டு குறிப்புகள் எந்தப் பதிவோடும் பொருந்தலாம். கால வரிசை பிசகாமல் பல பொருந்துவது உரிய பதிவில்தான். இம்முறையை வகுத்த ஏவரி வாங் 2003-இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஆகவே, கருவி அறிவது பாட்டை அன்று, ஓர் ஒலிப்பதிவை. அதே பாடகர் மேடையில் மறுபடி பாடினால் காலம் இம்மி பிசகும், புள்ளிகள் பொருந்தா. கச்சேரியில் பாடுபவரைக் கருவி சரியாகக் கண்டுகொண்டால், அவர் வாயை மட்டும் அசைத்திருக்கக்கூடும் என்று வாங் குறும்பாகச் சுட்டுகிறார்!

நம் பங்கின் பாடகர் குழு ஞாயிறு திருப்பலியில் பாடுவதையும் இக்கருவி பெரும்பாலும் அறியாது. முணுமுணுத்தாலே மெட்டைக் கண்டறியும் வசதியைக் கூகுள் 2020-இல் கொண்டுவந்தது. அது குரலையும் வாத்தியத்தையும் விட்டுவிட்டு மெட்டின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடுகிறது. ஆயினும் ஒப்பிட ஒரு பதிவு இருந்தாக வேண்டுமே! தவக்காலத்திலும் துக்க வீட்டிலும் நம் பாட்டிமார் பாடும் பழம்பாடல்கள் சில எந்த ஒலிநாடாவிலும் ஏறியதில்லை. முதலடியை எடுத்துக் கொடுத்தால் அவர்கள் மிச்சத்தைப் பாடிவிடுவார்கள். கருவியோ கையை விரித்துவிடும். அதே கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யும் வசதியும் உண்டு. வருகிற தவக்காலத்தில் பாட்டி பாடும்போது அதனை அருகில் வைத்து, அப்பாட்டை யாரிடம், எந்த ஊரில் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து பதிந்துகொள்வோமாக.