யாருடைய கோபம் திடீர்க் கோபம்?

“அடிக்கணும்னுதான் அடிச்சான், சாகணும்னு அடிக்கலை.” ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் இந்தப் பேச்சு நடக்கிறது. வரப்புத் தகராறு, கடன் தகராறு, டீக்கடை வாய்த்தகராறு, எதில் ஆள் செத்தாலும் முதலில் வந்து நிற்பது இதுதான். சட்டம் இதைக் காது கொடுத்துக் கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும். திட்டம் போட்டுக் கொன்றவனையும் ஆத்திரத்தில் கை ஓங்கியவனையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது. நாளைக்கு நம்ம பையனும் அந்தக் கூண்டில் நிற்கலாம். இந்தச் சலுகையை ஒழி என்று நாம் சொல்லவில்லை. இது யாருக்கு, எந்தக் கணக்கில் கொடுக்கப்படுகிறது என்றுதான் கேட்கிறோம்.

1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் நான்காம் விதிவிலக்கு ஒன்று உண்டு. முன்திட்டம் இல்லாமல், திடீர்த் தகராறில் மூண்ட திடீர்ச் சண்டையில், ஆவேசத்தில் நேர்ந்த சாவு கொலை ஆகாது. 2024 ஜூலை 1இல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண் 101 என்று மாறியது, விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. கொலை என்றால் தூக்கு அல்லது ஆயுள். விதிவிலக்குக்குள் நுழைந்து, ‘கொல்லும் எண்ணமில்லை, சாவு வரலாம் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்’ என்று ஆகிவிட்டால் அதிகபட்சமே பத்து வருசம். குறைந்தபட்சம் இத்தனை வருசம் என்று எதுவுமில்லை.

ஆனால் அந்த விதிவிலக்குக்கு ஒரு வால் உண்டு. அடித்தவன் முறையற்ற சாதகத்தைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, கொடூரமாக நடந்திருக்கக் கூடாது. சண்டை என்றால் இரண்டு பக்கமும் அடி விழ வேண்டும், வெறுங்கையோடு நின்றவனைத் தாக்கியது சண்டையாகாது என்று 1978லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றைப் பாருங்கள். 2005இல் மாடு மேய்ந்த தகராறு. பட்டியல் சாதிக்காரர் ஒருவர் தலையில் கோடாலி அடிபட்டுச் செத்தார். தாக்கூரின் மாட்டை இந்தச் சாதிக்காரன் எப்படி விரட்டலாம் என்று கேட்டுத்தான் அடி விழுந்தது என்பது அரசுத் தரப்பு வழக்கு. 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திடீர்ச் சண்டை என்றது. கொலைத் தண்டனை போனது, அதுவரை இருந்த சிறைவாசமே போதும் என்றானது. வன்கொடுமைச் சட்டத் தண்டனையும் ரத்து. பட்டியல் சாதி என்பதனால் மட்டுமே குற்றம் நடந்ததாகச் சாட்சியம் இல்லையாம்.

மாட்டை விரட்டியது அன்றைக்கு நடந்தது. “நீ எப்படிடா விரட்டலாம்” என்ற கேள்வியும் அன்றைக்குத்தான் பிறந்ததா? அது அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தீட்டி வைத்த கேள்வி. சரிசமமான இரண்டு பேருக்குள் வந்தால் அது திடீர்க் கோபம். சாதியில் மேலே நிற்கிறவனுக்கு, கீழே இருப்பவன் வாய் திறந்ததும் வருகிற கோபத்துக்கு எந்த முன்திட்டமும் தேவையில்லை. ஊர் அமைப்பே அதற்கான திட்டந்தான். சாதகம் என்றால் கையிலிருக்கிற கோடாலி மட்டுமா? திருப்பி அடித்தால் சேரி கொளுத்தப்படும் என்று பயந்து நிற்கிறவன் எதிரில் இருப்பது சாதகம் இல்லையா?

‘மட்டுமே’ என்ற சொல் 1989ஆம் வருச வன்கொடுமைச் சட்டத்தில் கிடையாது. அது நீதிமன்றம் சேர்த்துக்கொண்டது. சாதியோடு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம், அதனால் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடாது என்று 2021இல் அதே உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு எழுதியது. 2016 ஜனவரி 26இல் அமலுக்கு வந்த திருத்தமும், செத்தவர் பட்டியல் சாதிக்காரர் என்று தெரிந்திருந்தாலே போதும் என்று மாற்றிவிட்டது. ஆனாலும் காவல் நிலையத்தில் எழுதுகிறவன் கை மாறவில்லையே. நம்மாள் செத்தால் ‘வாய்த்தகராறு, கைகலப்பு’. நம்மாள் தள்ளிவிட்டு ஊர்க்காரன் செத்தால் ‘முன்விரோதம், வஞ்சம்’. தள்ளியது ஒரே மாதிரிதான், எழுதுகிற வார்த்தைதான் வேறு. அந்த வார்த்தைதான் பின்னால் பத்து வருசமா ஆயுளா என்று தீர்மானிக்கிறது.

தோழர்களே, சாவு விழுந்த வீட்டுக்கு மாலையோடு மட்டும் போகாதீர்கள். அடி விழுவதற்கு முன்னால் என்ன பேசினான், யார் காதில் விழுந்தது, அதற்கு முன் எந்தக் கிணறு, எந்தப் பாதை, எந்தக் கூலிக்காகத் தகராறு இருந்தது என்பதையெல்லாம் முதல் தகவல் அறிக்கையில் ஏற்றச் சொல்லுங்கள். வன்கொடுமைச் சட்ட விதிப்படி துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், அதைக் கேளுங்கள். 15ஏ பிரிவின்படி ஜாமீனிலிருந்து தண்டனை வரைக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நீதிமன்றத்தில் பேச உரிமை உண்டு. அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச வையுங்கள்.

எவனையும் தூக்கில் போடு என்று நாம் கேட்கவில்லை. ஒரு சாவை ‘திடீர்’ என்று எழுதுவதற்கு முன்னால், செத்தவன் திருப்பி அடிக்க முடிந்தவனா என்று விசாரித்து எழுதச் சொல்கிறோம்.