இரும்பு மலையும் மிதிவண்டியும்

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில் பிளைனாவன் என்னும் சிற்றூர் உள்ளது. இரும்புக்கல், நிலக்கரி, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றும் அருகருகே கிடைத்தமையால், 1789ஆம் ஆண்டளவில் அங்கு இரும்புருக்கும் உலைகள் எழுந்தன. நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரி உலைக்கு வெப்பம் ஊட்டியது. சுண்ணாம்புக்கல் இரும்பினின்றும் கசடு பிரிதற்கு உதவியது. பொருள்களைக் கொண்டு செல்வதற்காக மலையைக் குடைந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் நீளமுள்ள சுரங்கவழி அமைத்தனர். பிளோரஞ்ச் என்னும் மலையின் இடுப்பைச் சுற்றிக் கால்வாய்த்துறை வரையில் தண்டவாளமும் இட்டனர். குதிரைகள் அவ்வழியே வண்டிகளை இழுத்தன. 1878ஆம் ஆண்டளவில், பாஸ்பரம் கலந்த இரும்பினின்றும் நல்ல எஃகு செய்யும் முறையைத் தாமசு, கில்கிரிஸ்ட் என்னும் இருவர் இவ்வூரில் ஆய்ந்து கண்டனர். அம்முறை உலகெங்கும் பரவியது.

இன்று உலைகள் அணைந்துவிட்டன. ‘பெரும்பள்ளம்’ எனப் பொருள்படும் பெயர் கொண்ட சுரங்கமும் 1980இல் மூடப்பெற்றுப் பின்னர் அருங்காட்சியகம் ஆயிற்று. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. அகன்ற உருளைகளையுடைய மலை மிதிவண்டியில் ஏறி இம்மேட்டு நிலத்தைக் காண வருவோர் பலர்.

இது தகுமா என வினவுவோர் உளர். ‘மக்கள் உழன்று மாய்ந்த இடத்தில் விளையாட்டு எதற்கு?’ என்பர் அவர். பெண்களும் சிறுவர்களும் கூடச் சுரங்கத்தில் பாடுபட்டனர் என்பதும், பெண்களும் பத்து வயதிற்கு உட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் உழைத்தலை 1842ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது என்பதும் உண்மை. ஆயினும் ஓர் இடத்தைப் போற்றுதற்கு அதனைப் பூட்டி வைத்தலே வழி என்பது பொருந்தாது. காணப்படாத இடம் நாளடைவில் மறக்கப்படும். மேலும், ஏற்றத்தில் மிதிவண்டியை மிதித்து மூச்சிரைப்பவன், அவ்வேற்றத்தில் சுமை இழுத்த குதிரையின் பாட்டையும் அதனை ஓட்டியவன் பாட்டையும் தன் உடலாலேயே உணர்கின்றான். நூலறிவு தராத அறிவு இது.

மற்றொரு தடை வலிமை வாய்ந்தது. ஈரமண்ணில் உருளைகள் ஓடினால் பள்ளக்கோடு விழும், அக்கோட்டின் வழியே மழைநீர் பாய்ந்து மண்ணை அரிக்கும், கற்கள் பெயரும். பண்டைச் சுரங்கத் தொழிலாளர் நீரைத் தேக்கி ஒருசேரத் திறந்துவிட்டு, மேல்மண்ணை அரித்தோடச் செய்து, அடியிலிருந்த இரும்புக்கல்லைக் கண்டனர். அவர் வேண்டுமென்றே செய்ததை மிதிவண்டியாளர் அறியாமலே செய்துவிடுதல் கூடும். அவர் செய்கையால் இரும்பு கிடைத்தது. இவர் செய்கையால் இழப்பன்றி வேறொன்றும் விளையாது.

பழைய தண்டவாளப் பாதையில் துளையிட்ட கற்கள் இன்றும் கிடக்கின்றன. தண்டவாளத்தைப் பொருத்துதற்காக இடப்பட்ட துளைகள் அவை. அவற்றை நட்டவர்களுள் பெரும்பாலோர் தம் வாழ்வை எழுதி வைத்தவர் அல்லர். அக்கற்களே அவர் எழுத்து. ஒரு கல் பெயர்ந்தால் அவ்வெழுத்தில் ஒன்று அழிந்தது என்க. அதனை மீண்டும் நட இயலும். ஆயினும் அவர் நட்ட கல்லாக அது இராது.

ஆதலின், மிதிவண்டியைத் தடுத்தலும் வேண்டா. கட்டின்றி விடுதலும் வேண்டா. அந்நாட்டில் 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம், குதிரை செல்லும் பாதைகளில் மிதிவண்டி செல்லும் உரிமையை நல்கியது. நடப்போர்க்கும் குதிரையில் வருவோர்க்கும் வழிவிடவேண்டும் என்னும் கடமையையும் உடன் விதித்தது. நடைபாதைகளுக்கு அவ்வுரிமையை அது நல்கவில்லை. இது நேர்மையான ஏற்பாடு. ஆயின் சட்டம் சென்று காவாத இடங்களும் உள. மழை ஓயாத நாளில் மென்மண் பாதையைத் தவிர்த்தலும், பழங்கற்கள் கிடக்கும் இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்லுதலும் செல்வோன் பண்பையே சாரும்.

விரைந்து இறங்குதல் ஓர் இன்பமே. எனினும், விரைவொன்றையே நாடுவோர்க்கு மலைகள் வேறு பல உண்டு. துளையிட்ட கற்கள் கிடக்கும் அப்பாதையோ ஒன்றே உண்டு. அதனை வந்து கண்டு செல்லும் உரிமை இனிப் பிறப்போர்க்கும் உரியது. அவ்வுரிமையைக் காத்தல் இன்று மிதிப்போர் கடனாகும்.