செப்பனிட்டவனே முதலில் ஏறுக!

கவர்னர் என்றதும் மாளிகையும் கொடிக்கம்பமும் நம் கண்முன் வந்து நிற்கும். அரசியல் பேசப் போகிறேன் என்று நண்பர்கள் அஞ்ச வேண்டா. நான் சொல்ல வந்த கவர்னர் உள்ளங்கையில் அடங்கிவிடும். எண்ணெயில் நனைந்தபடி எஞ்சினின் வயிற்றுக்குள் கிடப்பது. வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதே அதன் வேலை. அதனைச் சாக்காக வைத்து நம் மாணவர் உலகின்மேல் ஒரு குறை கூற எண்ணுகிறேன். அக்குறையில் முதற்பங்கு எனக்கே உரியது.

நம் பல்கலைக்கழகத் தோட்டத்தில் பழைய டிராக்டர் ஒன்று நெடுநாளாக ஓடாமல் கிடந்தது. சிறிய வண்டிதான், ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அடியில் புல்வெட்டும் தகடு. சென்ற ஆண்டு, இறுதியாண்டு மாணவர் நால்வர் அதைப் பிரித்துச் செப்பனிட முன்வந்தோம். வால்வுகளைத் தேய்த்து அமர்த்தினோம். பிஸ்டன் வளையங்களையும் கேஸ்கெட்டுகளையும் புதிதாகப் போட்டோம். ஒரு மாலைப்பொழுதில் எஞ்சின் உயிர்பெற்றது. எங்கள் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

அம்மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. சுமையின்றி ஓடும்போது வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக ஊஞ்சலாடிற்று. வெட்டுத் தகட்டை இணைத்தாலோ, எஞ்சின் மூச்சுத் திணறிச் சோர்ந்தது.

இந்த ஊஞ்சலாட்டத்துக்குப் பாடநூலில் 'ஹன்டிங்' என்று பெயர். போர்ட்டர் கவர்னர், ஹார்ட்னெல் கவர்னர் என்று பொறியியல் மாணவர் அனைவரும் கணக்குப் போட்டிருப்பர். அக்கணக்கில் முழு மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும் அன்று என் கை என்ன செய்தது? குறட்டை எடுத்து ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்தது. பயனில்லை. உடனே த்ராட்டிலை ஆட்டிவைக்கும் கையை ஒரு கம்பியால் கட்டிவிட்டேன். வெட்டுத் தகட்டை இணைத்துப் பார்த்தோம். எஞ்சின் சீராக ஓடிற்று. அந்த நிலையிலேயே அணைத்து, வண்டியைத் தோட்டக்காரரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

நான் செய்த தவறு எத்தகையது என்பதைப் பொறியியல் பயிலாத நண்பர்களும் அறிய வேண்டும். கவர்னரில் ஒரு பல்சக்கரமும் அதனோடு சுழலும் எடைக்குண்டுகளும் உண்டு. வேகம் கூடினால் குண்டுகள் வெளிப்புறமாக விரியும். ஒரு தண்டைத் திருப்பி, த்ராட்டிலை மூடும். வெளியே உள்ள ஸ்பிரிங்கோ த்ராட்டிலைத் திறக்கவே எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கும். இவ்விரண்டின் இழுபறியில் பிறப்பதே சீரான வேகம். நான் கட்டிய கம்பி, மூட வந்த கையைக் கட்டிப்போட்டது.

மறுநாள் காலை தோட்டக்காரர் வண்டியை எடுத்தார். புல்வெளியின் ஓரத்தில் திரும்புவதற்காக வெட்டுத் தகட்டை விடுவித்தார். சுமை நீங்கிற்று, த்ராட்டில் திறந்தபடியே இருந்தது. எஞ்சின் அலறிற்று. அவர் பதறாமல் சாவியைத் திருப்பி அணைத்தார். அணைக்கத் தாமதித்திருந்தால் கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சினின் உறையைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கக்கூடும். அவருடைய முழங்காலுக்கும் அந்த எஞ்சினுக்கும் இடையே இருந்தது மெல்லிய தகரம்!

முதியவர் எங்களை ஏசவில்லை. "பேட்டா, நீங்கள் யாராவது இதில் ஏறி ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று இந்தியில் கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

பின்னர்ப் பட்டறை மிஸ்திரியிடம் போனோம். அவர் முதலில் கம்பியை அறுத்து எறிந்தார். ஆனால் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, த்ராட்டிலின் கையை மட்டும் விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டார். ஊஞ்சலாட்டம் நின்றது. "பெட்ரோல் சரியாக வருகிறது. குறை கவர்னர் பக்கம்தான்" என்றார். விரலால் பிடித்த பின்னும் ஆட்டம் தொடர்ந்திருந்தால் கார்புரேட்டரையும் காற்றுக் கசிவையும் பார்த்திருப்பாராம். சோக்கைச் சிறிது மூடியதும் ஆட்டம் அடங்கினால், பெட்ரோல் போதவில்லை என்று பொருளாம்.

அடுத்து எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நின்ற எஞ்சினில் த்ராட்டில் முழுதும் திறந்திருக்க வேண்டும். எங்களுடையது முக்கால் பங்குதான் திறந்திருந்தது. சுமை ஏறியதும் சோர்ந்ததற்குக் காரணம் இதுவே. பிரித்தபோது கழற்றிய கையைத் தண்டின்மேல் கண்மதிப்பாக வைத்து முடுக்கியிருந்தோம். அவர் நட்டைத் தளர்த்தினார், த்ராட்டில் முழுதும் திறக்குமாறு கையைப் பிடித்துக்கொண்டார், குண்டுகள் ஒடுங்கும் பக்கமாகத் தண்டை அதன் எல்லைவரை திருப்பினார், மீண்டும் முடுக்கினார். ஸ்பிரிங் மாட்டும் துளையும் மாறிப்போயிருந்தது. துளைக்கேற்ப கவர்னரின் நுண்ணுணர்வு மாறும். அது மிகுந்தால் எஞ்சின் ஊஞ்சலாடும். குறைந்தால் சுமைக்குச் சரியாக ஈடுகொடாது. என் குறடு நீட்டிய ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் புதியது ஒன்றைச் சரியான துளையில் மாட்டினார். இறுதியில் டாக்கோமீட்டர் வைத்து, வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டவில்லை என்று உறுதிசெய்தார். அரைமணி நேரம்தான் ஆயிற்று. தானாகப் பழுதான பொருள் அந்தக் கவர்னரில் ஒன்றும் இல்லை. பழுதெல்லாம் எங்கள் கைவண்ணம்!

இதைக் கேட்டு, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்களோடு நான் உடன்படேன். நுண்ணுணர்வு மிகுந்தால் கவர்னர் ஊஞ்சலாடும் என்பது நான் தேர்வில் எழுதிய விடையேதான். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவிப் பொறிக்குக் கவர்னரைப் பொருத்தினார். பின்னர் 1868இல் மாக்ஸ்வெல், அதன் ஆட்டம் எப்போது அடங்கும், எப்போது வளரும் என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஏடு எனக்குப் பொய் சொல்லவில்லை. எஞ்சின் முன்னால் நின்றபோது ஏட்டிடம் நான் கேட்கவில்லை, அதுவே குற்றம். தேர்வுக் கூடத்துக்கு ஓர் அறிவு, பட்டறைக்கு ஓர் அவசரம் என்று இரண்டாகப் பிரிந்து வாழப் பழகிவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. கவர்னர் என்னும் சொல் கலத்தைச் செலுத்தும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நார்பர்ட் வீனர் தம் புதுத் துறைக்குச் 'சைபர்னெடிக்ஸ்' என்று பெயரிட்டதும் அச்சொல்லைக் கொண்டே. மீகாமன் தானும் அதே கலத்தில் செல்பவன். கலம் கவிழ்ந்தால் அவனுக்கும் கேடு. நாங்களோ கரையில் நின்றுகொண்டு கலத்தைச் செலுத்தினோம். கம்பி கட்டியவன் ஒருவன். இருக்கையில் அமர்ந்தவர் வேறொருவர். தோட்டக்காரரின் கேள்வி சுட்டியது இதைத்தான். நாளை நாம் கட்டும் பாலத்திலும், எழுதும் சட்டத்திலும், கொடுக்கும் மருந்திலும் வேறு யாரோ ஒருவர்தானே அமரப் போகிறார்? ஆகவே இது கலை பயிலும் நண்பர்களுக்கும் உரிய செய்தி.

நம் மன்றத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள் விடுக்கிறேன். வாரம் ஒருமுறை மிஸ்திரியிடம் மாணவர் வேலை பழகப் பட்டறையில் இரண்டு மணி நேரம் பெற்றுத் தாருங்கள். எதையும் கழற்றுமுன் அடையாளமிடும் பழக்கத்தை அங்கே முதற்பாடமாகக் கற்போம். மாணவர் செப்பனிட்ட எந்த வண்டியையும் செப்பனிட்டவரே முதலில் ஏறி, சுமையோடும் சுமையின்றியும் ஓட்டிக் காட்டிய பின்னரே பிறர் கையில் கொடுப்பது என்று விதி செய்யுங்கள்.

மிஸ்திரி வேலை முடித்த அன்று, வண்டியில் முதலில் ஏறியவன் நான். வெட்டுத் தகட்டை இணைத்தும் விடுவித்தும் புல்வெளியை மும்முறை சுற்றினேன். விடுவிக்கும் ஒவ்வொரு முறையும் கை நடுங்கிற்று. அந்த நடுக்கம் கம்பி கட்டிய அன்றே எனக்கு வந்திருக்க வேண்டும்.